மொட்டை மாடிக்கு ஈரத்துணி: பாதி பாரத்தைக் கீழேயே விட்டுவிடலாம்

கேள்வி: கீழ் வீட்டில் இருக்கிறோம். டாப் லோடு மெஷின் கீழே, கொடி மொட்டை மாடியில், நடுவில் நாற்பது படி. வயது 58, முழங்கால் வலி உண்டு. நாலு பேர் துணியைப் பெரிய பக்கெட்டில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஏறினால் அன்றைக்கு இடுப்பும் போய்விடுகிறது. சுலபமாக ஏற்ற வழி உண்டா?

பதில்: பக்கெட்டை மாற்றுவதற்கு முன் அதிலிருக்கும் தண்ணீரைப் பாருங்கள். காய்ந்த நிலையில் 5 கிலோ இருக்கும் துணி, கையால் பிழிந்தால் 10 கிலோவைத் தொட்டுவிடும். டாப் லோடு மெஷின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 700 சுற்றை ஒட்டித்தான் சுழல்கிறது. அதிலிருந்து வெளியே எடுக்கும்போது அதே துணி எட்டரை, ஒன்பது கிலோ இருக்கும். பக்கெட் எடை தனி.

ஆகவே முதல் வேலை, சோப்பு போய் அலசி முடிந்த பிறகு 'ஸ்பின்' மட்டும் இன்னொரு முறை ஓட விடுவது. ஐந்தாறு நிமிடம் போதும். இதை ஜீன்ஸ், டர்க்கி டவல், போர்வை ஆகியவற்றுக்கு மட்டும் செய்தாலே பாரம் ஓரளவு இறங்கிவிடும், ஏனென்றால் தண்ணீரைக் குடித்து வைத்திருப்பவை அவைதான். சட்டைகளுக்குச் செய்தால் சுருக்கம்தான் மிச்சம்.

இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஒற்றைப் போர்வையைப் போட்டால் அது பந்தாகச் சுருண்டு டிரம்மின் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். மெஷின் தடதடவென்று ஆடும், வேகத்தைக் குறைக்கும், சில நேரம் நின்றே விடும். துணி சொட்டச் சொட்ட வெளியே வரும், பிழிந்துவிட்டதாக நினைத்து நாமும் தூக்கிக்கொண்டு ஏறுவோம். போர்வைக்கு எதிர்ப்பக்கம் இரண்டு டவலைப் போட்டு, எல்லாவற்றையும் டிரம்மைச் சுற்றிப் பரப்பிவிட்டால் ஒழுங்காகச் சுழலும். கையால் துவைத்த துணியையும் சாயம் போகாததாகப் பார்த்து மெஷினில் போட்டு ஒரு சுற்று பிழியலாம். மெஷின் தாங்காத கனத்த கம்பளியைத் துவைக்கிற கல் மேலோ சுவர் மேலோ அரை மணி நேரம் போட்டு வடியவிட்டு, அப்புறம் எடுங்கள்.

அடுத்தது, எல்லாத் துணியும் மாடிக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி. உள்ளாடை, பாலியஸ்டர் சட்டை, சின்னப் பிள்ளைகள் துணி எல்லாம் கீழ் வராந்தாவிலேயே காயும். கயிறு இழுத்து ஏற்றி இறக்கும் சீலிங் ஹேங்கர் ஒன்று மாட்டினால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் கைகொடுக்கும். வெயில் கட்டாயம் வேண்டிய கனத்துணி மட்டும் மேலே போகட்டும்.

இனி தூக்கும் முறை. மெல்லிய கம்பிப் பிடி வைத்த 20 லிட்டர் பக்கெட் படிக்கட்டுக்கு ஏற்றதே இல்லை. பிடி விரலை அறுக்கும், பக்கெட் முழங்காலில் இடிக்கும், ஒரு பக்கமாகவே சாய்ந்து ஏறுவதால் இடுப்பு வலிக்கும். வெயிலில் கிடந்து வெளுத்த பிளாஸ்டிக்கில் பிடி மாட்டும் காது திடீரென்று உடையும், அதுவும் படியில்தான் உடையும். இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை வைத்த பை நல்லது. பழைய ஸ்கூல் பைக்குள் கெட்டியான பிளாஸ்டிக் கவரை விரித்துக்கொண்டால் முதுகு நனையாது. ஒரு நடைக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு கையும் காலியாக இருக்கும், ஒன்று கைப்பிடியைப் பிடிக்கட்டும். பையில்லாவிட்டால் குடம் போல இடுப்பில் வைத்து ஏறுங்கள், பாதிப் படியில் பக்கம் மாற்றுங்கள். துணியை முன்னால் அணைத்துக்கொண்டு ஏறினால் கால் வைக்கும் படி கண்ணுக்குத் தெரியாது.

பக்கத்துக்கு மூன்று சக்கரம் சுழலும் படியேறும் டிராலியையும் சிலர் வாங்குகிறார்கள். அகலமான படி, பெரிய திருப்பம் உள்ள வீட்டுக்குச் சரி. நம் வீடுகளின் இரண்டரை அடி வெளிப்படியில் திருப்பத்துக்குத் திருப்பம் அதைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும், வாங்கிய காசு வீண். அதைவிடக் கிணற்று ராட்டினம் எவ்வளவோ மேல்.

ராட்டினத்தை மாட்டுவதில்தான் கவனம் வேண்டும். ஒற்றை ராட்டினம் பாரத்தைக் குறைக்காது, இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். 5 கிலோவைத் தூக்க 5 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டும். மாட்டிய இடத்திலோ இரண்டு பக்கக் கயிற்றின் இழுவையும் சேர்ந்து பத்துக்கு மேல் விழும், வெடுக்கென்று இழுத்தால் இன்னும் கூடும். அதனால் மொட்டை மாடியின் நாலரை அங்குலச் செங்கல் கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்து மாட்டாதீர்கள், நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வரும். பின்னால் மாடி எடுக்க விட்டு வைத்த கான்கிரீட் தூண் இருந்தால், அதில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பை வெல்டரை வைத்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். பைப், சுவரைத் தாண்டி ஒன்றரை அடி வெளியே நீட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பை சுவரில் உரசிக்கொண்டே ஏறும். உங்கள் வீட்டு உயரத்துக்கு 60 அடி நைலான் கயிறு போதும், தடிமன் 12 மில்லிமீட்டர் இருக்கட்டும். மெல்லிய கயிறு கையை அறுக்கும். நைலான் வெயிலில் நைந்துபோகும், நார் பிரியத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள்.

கீழே நின்று இழுத்து, பை மேலே போனதும் சுவரில் பதித்த கொக்கியில் கயிற்றை எட்டு வடிவில் நாலு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். பிறகு வெறும் கையோடு படியேறிப் போய்ப் பையை எடுக்கலாம். இன்னொரு ஆள் தேவையில்லை. பையின் அடியில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைக் கைப்பிடிச் சுவரில் எட்டும் இடத்தில் கட்டி வைத்தால், எட்டிச் சாயாமல் உள்ளே இழுத்துக்கொள்ளலாம். பை தொங்கும்போது அதன் கீழே யாரும் நிற்கக் கூடாது. அந்தப் பக்கம் மின்கம்பி போனால் இந்த ஏற்பாடே வேண்டாம், ஈரக் கயிறும் இரும்பு பைப்பும் ஆபத்து.

மேலே போனதும் பக்கெட்டையோ பையையோ தரையில் வைக்காமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வையுங்கள். துணிக்குத் துணி குனிந்து நிமிர்வதுதான் இடுப்பைப் பாதி வாட்டுவது. காய்ந்ததை அங்கேயே மடித்து அதே பையில் வைத்து இறங்குங்கள். அள்ளிக்கொண்டு வரும் மூட்டை கனமில்லாவிட்டாலும் கண்ணை மறைக்கும், இறங்கும்போது அது கூடுதல் ஆபத்து. தேய்ந்த ரப்பர் செருப்பும் வேண்டாம்.

மெஷினையே மாடிக்கு ஏற்றிவிடலாமா என்று தோன்றும். ஷீட் போட்ட நிழல், வடிகால், எர்த் சரியாக உள்ள ப்ளக் பாயின்ட் இருந்தால் ஏற்றலாம். ஆனால் தொட்டிக்கும் மெஷினுக்கும் இடையே நாலடி உயரம்தான் என்றால் அழுத்தம் 0.12 பார் அளவுதான் வரும், ஃபுல் ஆட்டோமேட்டிக் மெஷின் தண்ணீர் வரவில்லை என்று அலறும். அதற்கு பூஸ்டர் பம்ப் வேண்டும், அல்லது ஹோஸால் தண்ணீர் பிடிக்கிற செமி ஆட்டோமேட்டிக் வாங்க வேண்டும். செமியில் ட்ரையர் தனி, பெரும்பாலானவை 1,300 சுற்றுக்கு மேல் சுழலும், துணியும் சீக்கிரம் காயும்.