மீன் கெட்டிருந்ததா, பித்தப்பையில் கல்லா?

கேள்வி: இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வசிக்கும் எனக்கு வயது 46. வெள்ளிக்கிழமை மாலை அருகிலுள்ள கடையில் ஃபிஷ் அண்ட் சிப்ஸ் (மாவில் தோய்த்துப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும்) வாங்கினோம். மேல்மாவு நமத்துப்போய் எண்ணெய் வடிந்தது. உள்ளே காட் மீன் நீர்விட்டுச் சப்பென்று இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் மேல்வயிற்றில் கடும் வலி தொடங்கி, ஒருமுறை வாந்தியும் எடுத்து, மூன்று மணி நேரம் கழித்தே தணிந்தது. வயிற்றுப்போக்கு இல்லை, உடன் சாப்பிட்ட கணவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சென்ற மாதம் மட்டன் பிரியாணி சாப்பிட்ட இரவிலும் இதே வலி வந்தது. கெட்ட மீனைக் கொடுத்துவிட்டார்களா?

பதில்: கடையின் மீது உங்களுக்குள்ள கோபம் நியாயமானதே, ஆனால் வலிக்கு மீன் காரணமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. 180 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ந்திருக்க வேண்டிய எண்ணெய் ஆறிய நிலையில் மீனைப் போட்டாலோ, ஒரே நேரத்தில் அளவுக்கு மீறிப் போட்டாலோ, மாவு மொறுமொறுப்பாகாமல் எண்ணெயைக் குடித்துவிடும். பொரித்ததைச் சூட்டோடு பெட்டியில் மூடினால் ஆவியே அதை நமக்கச் செய்யும். இவை சமையல் குறைகள். உணவு நச்சானால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், தொடர் வாந்தி ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்து வரும். உங்களுக்கு அவ்வாறு இல்லை. மீன் ஒவ்வாமையாக இருந்தால் தோலில் தடிப்பு, அரிப்பு, உதட்டு வீக்கம் போன்றவை பொதுவாகத் தெரிந்திருக்கும்.

நான் முக்கியமாகக் கருதுவது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன பிரியாணியைத்தான். கொழுப்பு மிகுந்த உணவு சிறுகுடலை அடைந்ததும் சுரக்கும் ஒரு ஹார்மோன் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. அப்போது உள்ளே இருக்கும் கல் குழாய் வாயில் சிக்கினால், மேல்வயிற்றின் நடுவிலோ வலப்புறத்திலோ வலி எழுந்து, சில நேரம் வலது தோள்பட்டை வரை பரவி, கல் விலகியதும் தணிகிறது. இத்தகைய வலி சில மணி நேரம் நீடிப்பதும், நாற்பதைக் கடந்த பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுவதும் வழக்கம். நெஞ்செரிச்சல், இரைப்பைப் புண் ஆகியவையும் இதே இடத்தில் வலிக்கக்கூடும் என்பதால், கடிதத்தை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல இயலாது.

ஆகவே உங்கள் ஜி.பி.யிடம் (குடும்ப மருத்துவரிடம்) இரண்டு நிகழ்வுகளையும் சேர்த்தே சொல்லி, கல்லீரல் செயல்பாட்டுக்கான இரத்தப் பரிசோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். கல் இருப்பது உறுதியாகி வலியும் திரும்பத் திரும்ப வந்தால், நுண்துளை அறுவை சிகிச்சை மூலம் பித்தப்பையை அகற்றுவதே வழக்கமான தீர்வு. அதுவரை பொரித்த உணவைத் தவிர்த்து, மீன் வேண்டுமென்றால் குழம்பாகவோ ஆவியில் வேகவைத்தோ எண்ணெய் குறைத்துச் சாப்பிடுங்கள். பயந்துபோய்ப் பட்டினி கிடக்க வேண்டாம், விரைவான எடைக் குறைவும் கல் உருவாக வழிவகுக்கும்.

காய்ச்சல், நடுக்கம், கண் மஞ்சளாதல், பல மணி நேரமாகியும் தணியாத வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழையுங்கள். வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி இருந்தால், அது மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால் தாமதிக்காமல் 999 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும்.