நாடுகடந்த குற்றமா, நாடுகடத்தல் குற்றமா?

கேள்வி: வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கான துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். பல நாடுகளைத் தொட்டு நடக்கும் மோசடிகளை ‘நாடுகடத்தல் குற்றம்’ என்று எழுதியிருந்தேன். தவறு என்கிறார்கள். ‘சர்வதேசக் குற்றம்’ என்று மாற்றிவிடலாமா?

பதில்: அச்சுக்குப் போகும் முன் அந்த ‘நாடுகடத்தல்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். கடப்பது தன்வினை, கடத்துவது பிறவினை. அரசு ஒருவரைப் பிடித்து வெளியே அனுப்பினால்தான் அது நாடுகடத்தல். விசா முடிந்து, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டுத் தவிக்கிறவர் அந்த வரியைப் பார்த்தால் ‘புகார் கொடுத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்றுதான் நினைப்பார். உதவி கேட்க வேண்டியவர் வாயை மூடிக்கொள்வார்.

‘சர்வதேசக் குற்றம்’ என்பதும் இங்கே பொருந்தாது. சட்டத்தில் அது இனப்படுகொலை, போர்க்குற்றம் போன்றவற்றைக் குறிக்கும். ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்கும் வகை. ‘பன்னாட்டு’ என்றால் நாடுகள் பல சேர்ந்தது; நிறுவனங்களுக்குச் சரி.

நீங்கள் தேடும் சொல் ‘நாடுகடந்த குற்றம்’. சேர்த்தே எழுதுங்கள். குற்றவாளி எல்லையைக் கடந்திருக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். 2000 டிசம்பரில் இத்தாலியின் பலெர்மோ நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட, நாடுகடந்த திட்டமிட்ட குற்றங்களுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு நாட்டில் திட்டம் போட்டு இன்னொரு நாட்டில் செய்தாலும், ஒரு நாட்டில் செய்த குற்றத்தின் பெரும் பாதிப்பு வேறு நாட்டில் விழுந்தாலும் அது நாடுகடந்ததே. மியான்மரின் மியாவாடி பகுதியில் உட்கார்ந்துகொண்டு போனிலேயே இந்தியாவில் இருப்பவரின் பணத்தைப் பறிப்பவன் எந்த எல்லையையும் மிதிப்பதில்லை. எல்லையைக் கடப்பது அவன் அல்ல, அவன் செய்யும் குற்றம்.

‘எல்லை தாண்டிய’ என்றும் சிலர் எழுதுவார்கள். ‘தாண்டி’ என்றாலே மீறல் வாடை வந்துவிடுகிறது. ‘எல்லை தாண்டி மீன் பிடித்ததாக’ ராமேசுவரம் மீனவர்களைப் பற்றி எத்தனை செய்தி படித்திருக்கிறோம்! முறையான விசாவில் போன தொழிலாளியைப் பற்றிய வரியில் அந்த வாடை வேண்டாம்.

இன்னொன்று: ‘ஆள்கடத்தல்’ என்று எங்காவது எழுதியிருந்தால் திரும்பப் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருட்டுத்தனமாக எல்லை கடக்கவைப்பது வேறு; ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய்ச் சுரண்டுவது வேறு. பலெர்மோ உடன்படிக்கையே இரண்டுக்கும் தனித்தனி நெறிமுறை (துணை ஒப்பந்தம்) வைத்திருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் புழங்குவதால், முதலாவதை ‘சட்டவிரோதமாக எல்லை கடக்கவைத்தல்’ என்றும், இரண்டாவதை ‘சுரண்டலுக்காக ஆள்கடத்தல்’ என்றும் விரித்தே எழுதுங்கள். வரி நீண்டால் நீளட்டும்.