உருளாத வண்டி

வணக்கம் சார்,

லண்டனில் இருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது. பள்ளியில் 'டிசைன் அண்ட் டெக்னாலஜி' என்று ஒரு பாடம். மூன்று வாரமாக ஒரு வண்டி செய்து, போன வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்தான். கோணல்மாணலாக இருக்கிறது. தள்ளினால் சக்கரம் சுற்றாமல் அப்படியே தேய்த்துக்கொண்டு போகிறது. இதை டீச்சர் பாராட்டினாராம்! என் கணவர் இன்ஜினியர். பொறுக்காமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பிரித்துச் சரியாகச் செய்து வைத்துவிட்டார். காலையில் பையன் "இது என்னோடது இல்லை" என்று ஒரே அழுகை. இந்த நேரத்தில் நாலு கணக்குப் போட்டிருக்கலாமே. இப்படி ஒரு பாடம் தேவைதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கணவருக்கு என் அனுதாபம். நானும் அதே குற்றத்தைச் செய்தவன்தான்.

இங்கிலாந்தில் இந்தப் பாடம் 1990இல் தேசியப் பாடத்திட்டத்துக்குள் வந்தது. சின்ன வகுப்புகளில் சக்கரமும் அச்சும், அப்புறம் பல்சக்கரம், கப்பி, மின்சுற்று. கூடவே சமையலும் உண்டு. ஒரு பொருளை யோசித்து, செய்து, தேறுமா என்று பார்க்க வேண்டும்.

அங்கே இருந்தபோது மகளின் வகுப்பில் உதவிக்குப் போவேன். வண்டிக்குச் சட்டம் செய்ய மெல்லிய மரக்குச்சிகளை அறுத்து, நாலு மூலையிலும் முக்கோண அட்டைத் துண்டு ஒட்டுவார்கள். ஒரு பையன், அட்டை அசிங்கமாக இருக்கிறது என்று பிய்த்துவிட்டான். தூக்கியதும் சதுரம் மெல்லச் சாய்ந்து, அவன் கையிலேயே மடங்கியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் அட்டையைத் தேடிப் போனான். இதே விஷயத்தைத்தான், தூக்கிப்போடும் பொருட்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டினார். சதுரம் சாயும், முக்கோணம் சாயாது. 1978இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் தொடங்கியது அது. செலவு என்று பார்த்தால் காலணா பெறாது.

உங்கள் மகன் சக்கரத்தை அச்சோடு ஒட்டி, அச்சையும் சட்டத்தோடு ஒட்டியிருப்பான் என்று நினைக்கிறேன். ஏதாவது ஒன்று சுற்றியாக வேண்டும். அதை அவனே கண்டுபிடிக்க இருந்த ஒரே தடயம் அந்த உருளாத வண்டிதான். அப்பா அதை அழித்துவிட்டார்.

டீச்சர் பாராட்டியதோடு விட்டிருந்தால் அதுவும் தப்பு. ஏன் உருளவில்லை என்று கேட்டிருக்க வேண்டும். அந்த வகுப்புகளில் கடைசியில் ஒரு தாள் கொடுப்பார்கள், 'அடுத்த முறை என்ன மாற்றுவாய்?' என்று. பாதிப் பிள்ளைகள் 'இன்னும் கலர் அடிப்பேன்' என்று எழுதிவிட்டு விளையாடப் போய்விடும்.

கணக்கும் இதற்குள் இருக்கிறது என்றெல்லாம் நான் சப்பைக்கட்டு கட்டமாட்டேன். வாய்ப்பாட்டை அவன் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஆனால் அதற்காக இதை நிறுத்த வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை, அட்டைப்பெட்டி ஒன்று, பால் பாட்டில் மூடி நாலு, மூங்கில் குச்சி இரண்டு, ஸ்ட்ரா ஒன்று கொடுத்து அவனை உட்காரவையுங்கள். அப்பா பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும். ஸ்ட்ராவை வெட்டி அடியில் ஒட்டி, குச்சியை அதற்குள் விட வேண்டும் என்பதை மட்டும் வாயைத் திறந்து சொல்லிவிடக் கூடாது. என்னால் மூன்று நிமிடம்தான் தாங்க முடிந்தது.