பார்சிலோனாவில் மூன்று நாள் தங்குபவர் எந்தக் கட்டடங்களைத் தவறவிடக் கூடாது?

பார்சிலோனாவுக்கு மூன்று நாள் பயணமாகச் செல்லும் ஒருவர், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கவுடியின் கட்டடங்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டுமா, அல்லது சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லதா என்பது கேள்வி. தேர்ந்தெடுப்பதே நல்லது என்பேன். மன்னருக்காகவோ செல்வந்தருக்காகவோ அல்லாமல், பெரும்பாலும் ஊர் மக்களின் உழைப்பாலும் நன்கொடையாலும் எழுந்த மூன்று கட்டடங்களை நிதானமாகப் பார்த்தாலே இந்த நகரத்தின் இயல்பு பிடிபட்டுவிடும்.

முதலாவது, பழைய நகரின் ரிபேரா பகுதியில் உள்ள சாந்தா மரியா தெல் மார் தேவாலயம். 1329இல் தொடங்கி 1383இல் முடிக்கப்பட்ட இக்கோயிலுக்கான கற்களை, துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிழைத்த தொழிலாளர்கள் மோன்ஜுயிக் குன்றின் கற்சுரங்கத்திலிருந்து கூலி வாங்காமல் சுமந்து வந்தார்கள். முதுகு வளைந்து பாரம் தூக்கும் அந்த மனிதர்களின் சிறிய வெண்கல உருவங்கள் தலைவாசல் கதவுகளில் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே நுழையுமுன் அவற்றை அருகில் சென்று பாருங்கள்; ஒரு பெருங்கோயிலின் வாசலில் புனிதர்களோடு சுமைதூக்கிகளுக்கும் இடம் கொடுத்திருப்பது என்னை மிகவும் நெகிழச் செய்தது. 1936ஆம் ஆண்டுத் தீயில் உள்ளிருந்த அலங்காரங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. அதனால்தான் இன்று எண்கோணத் தூண்களும் அவற்றிடையே உள்ள அகன்ற வெளியும் மறைப்பின்றித் தெரிகின்றன.

இரண்டாவது, கட்டலான் இசை மாளிகை. 1891இல் தொடங்கப்பட்ட 'ஓர்ஃபியோ கட்டலா' என்ற சேர்ந்திசைக் குழு, தனக்கென ஓர் அரங்கம் வேண்டும் என்று நன்கொடை திரட்டி, லூயிஸ் டொமேனெக் இ மொண்டனேர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1905 முதல் 1908 வரை கட்டிய மாளிகை இது. சுவர்களின் பாரத்தை இரும்புச் சட்டகம் தாங்குவதால் பக்கங்கள் முழுவதும் கண்ணாடியாக அமைந்து, பகல் வெளிச்சத்திலேயே கச்சேரி நடத்த முடிகிறது. கூரையின் நடுவே வண்ணக் கண்ணாடியாலான விதானம் அரங்கை நோக்கிக் குவிந்து தொங்குகிறது. மேடையின் பின்சுவரில் இசைக்கருவி ஏந்திய பதினெட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். இடுப்புக்கு மேல் சிற்பமாகப் புடைத்தும், இடுப்புக்குக் கீழ் சுவரோடு ஒட்டிய மொசைக் பாவாடையாகவும் அமைந்த அந்த உருவங்களில், சிற்பம் எங்கே முடிந்து சித்திரம் எங்கே தொடங்குகிறது என்று கண் தேடிக்கொண்டே இருக்கிறது. வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கலாம் என்றாலும், ஒரு கச்சேரிக்கே சீட்டு வாங்குவது மேல். அரங்கம் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைக் காதால் அறிய வேண்டும் அல்லவா?

மூன்றாவது, எல்லோரும் அறிந்த சக்ராதா ஃபமிலியா தேவாலயம். ஒரு புத்தகக் கடைக்காரரின் முயற்சியால் 1882இல் தொடங்கிய இத்திருப்பணியை மறு ஆண்டே கவுடி ஏற்றுக்கொண்டார். 1926இல் டிராம் மோதி இறக்கும்வரை அதிலேயே மூழ்கியிருந்தார். பக்தர்களின் காணிக்கையால் வளர்ந்த கோயிலுக்கு இப்போது பார்வையாளர் கட்டணமே பெரிய ஆதாரம். தூண்கள் மேலே கிளை பிரிந்து கூரையைத் தாங்குகின்றன. பாரத்துக்கு ஏற்ப மணற்கல், கருங்கல் என்று கல்லின் வகையும் மாறுகிறது. கிழக்குச் சன்னல்களில் நீலமும் பச்சையும், மேற்கில் சிவப்பும் ஆரஞ்சும் இருப்பதால், காலையில் பார்க்கும் கோயிலும் மாலையில் பார்க்கும் கோயிலும் ஒன்றல்ல. மாலை நேரத்தையே நான் பரிந்துரைப்பேன். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள்.

கவுடி செல்வந்தர்களுக்குக் கட்டிய காசா பாட்லியோ, காசா மிலா ஆகிய இரண்டும் பாசேச் டெ கிராசியா என்ற ஒரே வீதியில் உள்ளன. நேரம் குறைவென்றால் வெளியிலிருந்து பார்ப்பதே போதும். அந்த வீதியின் இருபுறமும் விரியும் எஷாம்ப்லா பகுதியில் மட்டும் ஒரு காலைப்பொழுது நடந்துவிடுங்கள். மதிலுக்குள் நெரிசலிலும் நோயிலும் மக்கள் மடிவதைக் கண்டு வருந்திய பொறியாளர் இல்டெஃபோன்ஸ் செர்டா, 1859இல் வகுத்த திட்டம் அது. இருபது மீட்டர் அகலத் தெருக்கள், மூலை வெட்டிய சதுர மனைத்தொகுதிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் தோட்டம் என்று அவர் எண்ணினார். தோட்டங்கள் பெரும்பாலும் கட்டடங்களாகிவிட்டன. ஆயினும் ரொஜேர் டெ லியூரியா தெருவில் பழைய தண்ணீர்க் கோபுரத்தைச் சுற்றியுள்ள முற்றம் போன்ற சில மீட்கப்பட்டுள்ளன. அதற்குள் நுழைந்து பார்த்தால், அவர் ஊர் முழுவதற்கும் எதை விரும்பினார் என்பது விளங்கும்.

பயண நாளை நீங்களே தீர்மானிக்கலாம் என்றால், செப்டம்பர் 24ஐ ஒட்டி வரும் லா மெர்சே திருவிழாவுக்குச் செல்லுங்கள். சாந்த் ஜாவுமே சதுக்கத்தில் மனிதர் தோள்மீது மனிதர் ஏறிக் கோபுரம் எழுப்புவார்கள். உச்சிக்கு ஏறும் சிறுபிள்ளை கையை உயர்த்தியதும் ஆரவாரம் எழும். ஆனால் எல்லோரும் பத்திரமாக இறங்கினால்தான் கோபுரம் முழுமை பெற்றதாகக் கணக்கு. சதுக்கம் விரைவில் நிரம்பிவிடும் என்பதால், தொடங்கும் நேரத்துக்கு வெகு முன்பே அங்கே இருப்பது நல்லது.