கடன் இருக்கும்போது மாத்திரை என்ன செய்யும்?

கேள்வி: எனக்கு 36 வயது. பேரணாம்பட்டு பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றுகிறேன். வீட்டுக்காரருக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் இப்போது வாரம் மூன்று நாள்தான் வேலை. எந்த மூன்று நாள் என்பது முதல் நாள் ராத்திரிதான் தெரியும். மூன்று குழு லோன் ஓடுகிறது. இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து நெஞ்சு படபடக்கிறது. ஈ.சி.ஜி. நார்மல். ஆறு வாரமாக மெடிக்கலில் வாங்கிய அல்பிரசோலம் 0.5 என்ற தூக்க மாத்திரையைத் தினமும் போடுகிறேன். அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டு குடிக்கிறார். இது மனநோயா? காசு வந்தால் சரியாகிவிடாதா?

பதில்: காசு வந்தால் ஓரளவு சரியாகும். ஆனால் அதுவரை காத்திருக்கக் கூடாது.

உங்களை வாட்டுவது வருமானம் குறைந்தது மட்டுமல்ல. நாளைக்கு வேலை உண்டா என்பதே தெரியாததும்தான். தெரியாததை உடம்பு ஆபத்தாகவே எடுத்துக்கொண்டு, நெஞ்சைப் படபடக்க வைக்கும் அட்ரினலின் ஹார்மோனைச் சுரக்கும். உடம்பை விழிப்புக்குத் தயார் செய்யும் கார்ட்டிசால் ஹார்மோன் இயல்பாகவே பின்னிரவில் ஏறத் தொடங்கும். அதனால்தான் அந்த நேரத்து விழிப்பும் படபடப்பும். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. கை வறண்டிருக்கும் அறுவடைக்கு முந்தைய நாட்களில், அதே ஆட்களே அறுவடைக்குப் பிறகு இருந்ததைவிடச் சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கினார்கள். ஆகவே கணக்கு தப்புவதையும் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதையும் உங்கள் குணக்கேடாக நினைக்காதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமும் இல்லாமல் போனால் அது மனச்சோர்வாக இருக்கலாம். மருந்துக்கும் ஆலோசனைக்கும் கட்டுப்படும் நோய் அது. வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் இருக்கிறது. ஹீமோகுளோபினையும் தைராய்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே படபடப்பைத் தரும்.

அல்பிரசோலம்தான் எனக்குக் கவலை. ராத்திரி போட்ட மருந்தின் வேகம் விடியற்காலையில் இறங்கும்போது பதற்றம் கூடும். அதை அடக்க இன்னொன்று போடத் தோன்றும். பழக்கம் இப்படித்தான் பிடிக்கிறது. அதற்காக இன்றே நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வரலாம். டாக்டர்தான் வாரக்கணக்கில் அளவைக் குறைக்க வேண்டும். மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் குமட்டும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். மாத்திரை கடனைக் கட்டாது. கடனைச் சமாளிக்கத் தேவையான தூக்கத்தையும் தெளிவையும் மீட்டுத் தரும்.

மூன்று லோனையும் ஒரே நோட்டில் எழுதுங்கள்: யாருக்கு, மீதி எவ்வளவு, எந்தக் கிழமை. ராத்திரியில் வேண்டாம், மாலை ஐந்து மணிக்கு அரை மணி நேரம். கவலைக்கு அந்த நேரம்தான். மூன்று மணிக்கு விழித்து இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்காருங்கள், போனை எடுக்காதீர்கள். மாலை நாலு மணிக்குப் பிறகு டீ வேண்டாம்.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, குழு லோன் கொடுக்கும்போது வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது, வசைச்சொல்லும் கூடாது. வேலை நாள் குறைந்ததைச் சொல்லி, தவணையை மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். நான்காவது லோன் வாங்கி மூன்றாவதைக் கட்டுவதுதான் நான் பயப்படும் இடம்.

வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், அதுதான் அவசரம். மது தூக்கத்தையும் மனத்தையும் இன்னும் கெடுக்கும். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து எல்லாவற்றையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்தி, உங்கள் மாத்திரை அட்டையை அவர் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனஸில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம், நீங்களும் பேசலாம்.