நூறு ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழ்

அன்புள்ள ஐயா,

கடையில் போன் மூலம் பணம் கட்டமாட்டேன், நோட்டாகத்தான் கொடுப்பேன், ஏனென்றால் மொரீஷியஸ் நோட்டில் தமிழ் இருக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் மதுரைக்காரன். எபேனில் ஒரு கம்பெனியில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இங்கே வந்த புதிதில் நோட்டில் தமிழைப் பார்த்ததும் எனக்கும் சிலிர்த்தது. ஆனால் தமிழர் வீடுகளுக்குப் போனால் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். கோவிலில் பாடும் பாட்டைக்கூட ரோமன் எழுத்தில் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். பேசுவதற்கு ஆள் இல்லாத மொழி நோட்டில் இருந்து என்ன பயன்? 1998இல் அதற்காகப் போராடியது வீண்தானே? அப்புறம், ஓய்வூதிய வயதை ஏற்றியது பற்றி உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர், எபேன்

அன்புள்ள தம்பி,

ஓய்வூதியத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 60 என்றிருந்த வயதைப் படிப்படியாக 65க்குக் கொண்டுபோவதாக 2025 ஜூன் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முதியவர்கள் பெருகிவிட்டார்கள், பணம் தாங்காது என்கிறார்கள். அது பொய் இல்லை. ஆனால் நிழலில் நின்று பாடம் சொன்ன எனக்கும் வெயிலில் கரும்பு வெட்டி முதுகு போனவருக்கும் ஒரே கணக்குப் போடுவது அநியாயம். என்னைப் போன்றவர்கள் ஐந்து வருடம் காத்திருக்கலாம். அவரைக் காக்க வைக்கக் கூடாது.

இனி நோட்டு.

எங்கள் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்தபடி தமிழ், அதற்குக் கீழே இந்தி. 1998 நவம்பரில் வந்த புது நோட்டுகளில் இந்தி மேலேயும் தமிழ் கீழேயும் இருந்தன. தமிழர்கள் கொதித்துப்போனார்கள். கடைசியில் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று, 1999இல் பழைய வரிசைப்படியே அச்சிட்டு வெளியிட்டார்கள். மேலே இருந்தால் என்ன, கீழே இருந்தால் என்ன என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். 1730களில் லா பூர்தொனே இந்தத் தீவின் ஆளுநராக இருந்தபோது, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுவந்துதான் போர்ட் லூயிஸைக் கட்டினார். ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது 1834இல். இடையில் நூறு ஆண்டுகள், தமிழர்கள் அவ்வளவு முன்னால் வந்தவர்கள். அந்த நூறு ஆண்டுகளுக்கு இந்த நாட்டில் இருக்கும் அடையாளங்களில் ஒன்று நோட்டில் அந்த வரிசை. அதை யாரையும் கேட்காமல் மாற்றினால் வலிக்காதா?

இந்தி மீது எனக்குப் பகை கிடையாது. நான் தமிழ் சொல்லிக்கொடுத்த பள்ளியில் பக்கத்து வகுப்பறையில் இந்தி சொல்லிக்கொடுத்தவர் என் நெருங்கிய நண்பர். அந்த நவம்பரில் ஒருநாள் அவர் புது நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "உன் இடத்தில் என்னை உட்காரவைத்துவிட்டார்கள், எனக்கு இது வேண்டாம்" என்றார். அவர் இப்போது இல்லை. அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

என்ன பயன் என்று கேட்டீர்களே, என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் பேத்தி படிக்கும் பள்ளியில் ஒரு வருடம் தமிழுக்கு ஆசிரியர் இல்லை. வேறு பாடம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டார்கள். 2012இலிருந்து கிரியோலும் விருப்பப் பாடம், ஆகவே வேறு வழி காட்டுவது அவர்களுக்குச் சுலபம். நான் நேரில் போய், நாட்டின் பணத்தில் அச்சடித்திருக்கும் மொழிக்கு ஆசிரியர் இல்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர்களிடம் பதில் இல்லை. அடுத்த தவணையில் ஆசிரியர் வந்தார். நோட்டில் தமிழ் இல்லாவிட்டால் நான் எதைக் காட்டிக் கேட்டிருப்பேன்?

கடைகளில் இப்போது "ஜூஸ் பண்றீங்களா?" என்று கேட்கிறார்கள். ஜூஸ் என்பது இங்கே எல்லோர் போனிலும் இருக்கும் பணம் அனுப்பும் செயலி. இளையவர்களுக்கு வசதிதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் தெருவில் இன்னும் தபால் நிலையத்துக்குப் போய் ஓய்வூதியத்தை எண்ணி வாங்கிக்கொண்டு வருகிற பாட்டிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நோட்டுதான் பணம். என் பேத்தி எழுத்துக்கூட்டிப் படித்த முதல் தமிழும் நூறு ரூபாய் நோட்டில் இருந்ததுதான். அந்த நோட்டில் இருக்கும் முகம் ரங்கநாதன் சீனிவாசன், 1958இல் மறைந்த தமிழ் வழக்கறிஞர். "இவர் யார், தாத்தா?" என்று அவள் கேட்டதில் ஒரு மாலை முழுவதும் எங்களுக்குப் பேச்சு இருந்தது. போன் திரையில் அவளுக்கு என்ன தெரியும்? ஒரு எண் தெரியும்.

ரோமன் எழுத்தில் பாடுவதைக் குறையாகச் சொன்னீர்கள். இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அம்மாவுக்கு எந்த எழுத்தும் தெரியாது. முருகன் பாட்டு முப்பது நாற்பது மனப்பாடம். அவளுடைய அம்மா பாடியதைக் காதால் கேட்டுப் பாடினாள், பாதிக்குப் பொருள் தெரியாமலே பாடினாள். போர்ட் லூயிஸ் மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். கறிவேப்பிலையைக் கரிப்புலே என்பார்கள், முருங்கைக்கீரையை ப்ரெத் முரும் என்பார்கள், பீர்க்கங்காயை பிபங்காய் என்பார்கள், ரசத்தை ரசோன் என்பார்கள். சொல்கிறவர் தமிழராகவே இருக்க வேண்டியதில்லை. இந்தச் சொற்களை எந்தப் பள்ளியும் காப்பாற்றவில்லை. வாயில் தேய்ந்து தேய்ந்துதான் இவ்வளவு காலம் வந்திருக்கின்றன.

ஆனால் நீங்கள் சொன்னதில் பாதி சரி. 1999இல் நோட்டு திரும்பி வந்ததும் நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்குப் போய்க் கிரியோலில் பேசினோம். நானும்தான். பகலெல்லாம் ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் பிள்ளைகளிடம் கிரியோலில் பேசினேன். பிரெஞ்சும் ஆங்கிலமும் வந்தால் போதும், வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். அது என் தவறு. இப்போது பேத்தியிடம் மட்டும் தமிழில் பேசுகிறேன், அவள் பாதிக்குக் கிரியோலில் பதில் சொல்கிறாள். பரவாயில்லை.

சரி, உங்களிடமும் எனக்கு ஒன்று கேட்க இருக்கிறது. சென்ற தைப்பூசத்தன்று கோவிலில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இரண்டு பையன்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். வாழை இலையில் ஏழு காய்கறி பரிமாறிக்கொண்டிருந்தோம். என் பேத்தி தண்ணீர்க் குடத்துடன் போய், "உங்களுக்கு தண்ணீர் வேண்டும்?" என்று கேட்டாள். வீட்டில் என்னிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போன வாக்கியம் அது. அவர்கள் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவளுக்கு எளிதாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அதற்கப்புறம் அன்று முழுவதும் அவள் தமிழில் வாயைத் திறக்கவில்லை.

தம்பி, நாங்கள் தடுமாறியதும் நீங்களெல்லாம் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறீர்கள். பேச ஆள் இல்லை என்கிறீர்கள். நாங்கள் தப்பும் தவறுமாகப் பேசுவதைப் பொறுமையாகக் கேட்க ஆள் இல்லை என்று நான் சொல்கிறேன். நீங்கள் இங்கே இருந்த நான்கு ஆண்டுகளில் ஒரு மொரீஷியஸ் தமிழரோடு ஐந்து நிமிடம் விடாமல் தமிழில் பேசியிருப்பீர்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எங்கள் கோவிலின் பின்கட்டில் வகுப்பு வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பதினொரு பேர், பெரியவர்கள் ஆறு பேர். எழுத்து சொல்லிக்கொடுக்க நான் இருக்கிறேன். மதுரைப் பேச்சு பேசிக்கொண்டு நடுவில் உட்கார ஒருவர் வேண்டும். இடத்தைத் தனியாக எழுதி அனுப்புகிறேன், வாருங்கள். என் பேத்தி தண்ணீர் கொண்டுவந்தால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள்.

அன்புடன்.