சிஸ்பிளாட்டினுக்குக் கூண்டு வந்துவிட்டதா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. வாய்ப்புற்றுநோய்க்கு ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். இரண்டாவது டோஸுக்குப் பிறகு காதில் ஓயாத இரைச்சல், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9-லிருந்து 1.5 ஆகிவிட்டது. மருந்தை உலோகக் கூண்டில் அடைத்துத் தந்தால் பக்கவிளைவு இருக்காது என்று படித்தேன். அது இங்கே கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. அது இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை.

நீங்கள் படித்தது பெரும்பாலும் பல்லேடியம் என்ற உலோகத்தால் ஆன கூண்டாக இருக்கும். வாழைப்பழம் போல வளைந்த 4 கரிம மூலக்கூறுகள், 2 பல்லேடியம் அயனிகள். இந்தக் கணக்கில் கலந்தால் தாமாகவே கோத்துக்கொண்டு கூண்டாகிவிடும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2012-இல் வெளியிட்ட கூண்டில் 2 சிஸ்பிளாட்டின் மூலக்கூறுகள் புகுந்தன. குளோரைடு சேர்த்ததும் கூண்டு பிரிந்து மருந்து வெளியே வந்தது.

சிக்கலே அங்கேதான். நம் ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 100 மில்லிமோல் குளோரைடு இருக்கிறது. கட்டியைத் தொடுமுன்னே ரத்தக்குழாயிலேயே கூண்டின் பூட்டு திறந்துகொள்ளும். அதற்குத் தப்பினாலும், செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதையோன் என்ற பொருளின் கந்தகம் பல்லேடியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பல்லேடியத்துக்குப் பதில் பிளாட்டினம் வைத்தால் பிணைப்பு உறுதி. ஆனால் தப்பாகக் கோத்தது பிரிந்து சரியாகச் சேர்வதும் அதே அளவுக்குக் கடினம். சூடேற்றி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருந்து புகுந்த அந்தச் சோதனையும் தண்ணீரில் அல்ல, அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் நடந்தது. அதை ஊசியில் ஏற்ற முடியாது.

அப்பாவுக்கு இப்போது வேண்டியது வேறு. அடுத்த டோஸுக்கு முன் ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுங்கள். உள்காதில் ஒலியை உணரும் முடி போன்ற செல்கள் செத்தால் திரும்ப முளைப்பதில்லை. காது இரைகிறது என்று டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் பலர் செய்யும் தப்பு. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம்), மக்னீசியம், பொட்டாசியம் மூன்றும் பார்க்க வேண்டும். கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 50 மில்லிக்குக் கீழே போனால் பொதுவாக சிஸ்பிளாட்டின் கொடுப்பதில்லை. வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். காய்ச்சலென்று வேறு இடத்தில் காட்டினால், சிஸ்பிளாட்டின் ஓடுகிறது என்று முதலில் சொல்லுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் சிறுநீரகத்தையும் காதையும் சேர்த்தே கெடுக்கும். வாய்ப்புண்ணால் தண்ணீர் இறங்கவில்லையென்றால் வீட்டிலேயே வைத்திருக்காமல் டிரிப் போட அழைத்துப் போங்கள்.

மாற்று மருந்து இருக்கிறது. சிஸ்பிளாட்டின் ஒத்துக்கொள்ளாத தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு ரேடியேஷனோடு வாரம் ஒருமுறை உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 15 மி.கி. டோசிடாக்செல் கொடுத்த ஆய்வை மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2023-இல் வெளியிட்டது. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், ரேடியேஷன் மட்டும் பெற்றவர்களில் 41.7 சதவீதம், டோசிடாக்செலும் பெற்றவர்களில் 50.8. மூன்றாவது டோஸுக்கு முன்பே உங்கள் ஆன்காலஜிஸ்டிடம் இதைக் கேளுங்கள். ரேடியேஷனை மட்டும் ஒருநாள்கூட விடாதீர்கள்.